குடும்பத்துக்கு ஒரு மார்க்

எங்கள் வீட்டில் நீட் எழுதியவர் எவரும் இல்லை. 2007இல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வுக்கே முழுக்குப் போட்டது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க் போதும் என்றிருந்தோம். 2017இல் நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. அனுபவம் இல்லாத இடத்தில்தான் ஆலோசனை செழிக்கும். அண்ணன் மகள் எழுதப்போகிறாள் என்றதும் மயிலாப்பூர் வீட்டுக் கூடம் களைகட்டிவிட்டது.

"தெரியாத கேள்வியைத் தொடாதே. தப்பானா மார்க் போயிடும்" என்றாள் என் அக்கா. பேங்கில் ரிட்டயர் ஆனவள்; கழிவு என்றாலே கை நடுங்கும்.

கணக்கு என்னவோ அக்கா பக்கம் இல்லை. சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு: 4 வரவு, 3 செலவு. அப்போதும் ஒன்று மிச்சம். நாலு விடையில் ரெண்டு நிச்சயம் தப்பு என்று ஒதுக்க முடிந்தாலோ, ரெண்டே கேள்வியில் 3 லாபம். இதை அக்காவிடம் விளக்கினேன். "அந்த சராசரி இவ எழுதற அன்னிக்கே வருமா, இல்ல அடுத்த வருஷம் வருமா?" என்றாள். புள்ளியியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதும் ஆட்சேபணையை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே போட்டுவிட்டாள்.

அடையாறு மாமாவின் வழி வேறு. மத்திய கைலாசத்தில் ஆத்யந்தப் பிரபு இருக்கிறார். பாதி பிள்ளையார், பாதி ஆஞ்சநேயர். "நாலு விடையில 'இரண்டும் சரி'ன்னு ஒண்ணு இருந்தா அதைத்தான் போடணும். சுவாமியே அப்படித்தானே நிக்கறார்!" என்றார் மாமா. பெரியம்மா விவாதத்தில் கலந்துகொள்ளாமல் அண்ணன் மகளை தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேர்வுக்கு முழுக்கை கூடாது, ஷூ கூடாது, நகை கூடாது. ரங்கநாதன் தெருவில் எந்த வேலைப்பாடும் இல்லாத அரைக்கைச் சுடிதார் தேடுவது இயற்பியலைவிடக் கஷ்டம் என்று திரும்பி வந்து சொன்னாள்.

உருப்படியான யோசனை பாட்டியுடையது. "ரெண்டு மணிக்கா பரீட்சை? சாப்பிட்டதும் கண்ணைச் சொக்குமே!" உண்மையான எதிரியை அடையாளம் கண்டவள் அவள் ஒருத்திதான். 180 நிமிஷம், 180 கேள்வி. மோர்சாதம் உள்ளே இறங்கும் நேரத்தில் கேள்விக்கு ஒரு நிமிஷம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீடே குறட்டை விடும் இரண்டிலிருந்து ஐந்து வரை அண்ணன் மகள் மாதிரித் தேர்வு எழுதினாள். முதலில் உயிரியலின் 90 கேள்விகள், மளமளவென்று. அப்புறம் வேதியியல். இழுத்தடிக்கும் இயற்பியல் கடைசியில். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளுக்கு ஓ.எம்.ஆர். தாளில் உடனே வட்டத்தை நிரப்பிவிடுவாள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்து, நடுவில் ஒரு எண் தவறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் அடுத்த வீட்டு விலாசத்துக்குப் போய்ச் சேரும். கருப்பு பால்பாயின்ட் பேனா, அழிக்க வழியில்லை. கைக்கடிகாரத்துக்கும் தடை என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பழகினாள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

2025 மே 4, ஞாயிறு. அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளும் அதுவே. ஒன்றரை மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்கே போய் நின்றோம். ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்தவள், "பிசிக்ஸ் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் பலரும் அதையேதான் சொன்னார்கள்.

வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி உண்டு. அவள் தூங்கப் போனதும் அதைக் கூடத்தில் விரித்தோம். இயற்பியலில் ஒரு கேள்வி. அக்கா முதல் விடை என்றாள். அண்ணன் இரண்டாவது. மாமா வழக்கம்போல் "ரெண்டுமே சரி" என்று தேடி, அப்படி ஒன்று அதில் இல்லாததால் மனமில்லாமல் மூன்றாவது என்றார். மிச்சமிருந்தது எனக்கு. எப்படியும் ஒருவர் சரி, மூவர் தப்பு. கழிவெல்லாம் போக, குடும்பத்துக்கு ஒரு மார்க்.