இருபது லட்சத்துக்கு ஒரு வேலை

சம்பளம் வாங்கத்தான் வேலைக்குப் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு, 2024 நவம்பரில் உணவு டெலிவரி நிறுவனமான சொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் புதுப் பாடம் நடத்தினார். சீஃப் ஆஃப் ஸ்டாஃப் பதவி காலி. முதல் வருடம் சம்பளம் கிடையாது. சேருகிறவர்தான் 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். பணம் ‘ஃபீடிங் இந்தியா’ தொண்டு அமைப்புக்குப் போகும்.

18,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள்.

பிறகு, பணமெல்லாம் வாங்கப்போவதில்லை, அது ஆளை வடிகட்டத்தான் என்றார் கோயல். அரசு வேலைக்கு யாராவது இப்படி ரேட் சொன்னால், லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனம் தடவிய நோட்டோடு வந்துவிடும். ஸ்டார்ட்அப் முதலாளி சொன்னால், அவர் கேட்டபடி 200 வார்த்தையில் கடிதம் எழுதி அனுப்புகிறார்கள்.

கைக்காசு போட்டு வேலை பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. பைக், பெட்ரோல், போன் எல்லாம் சொந்தச் செலவில்தான் சாப்பாட்டுப் பையோடு சிக்னலில் நிற்கிறார்கள் டெலிவரி ஊழியர்கள். இவர்களையும் சேர்த்து, மாதச் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு மட்டும் காசு வாங்கும் கிக் தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்கிறது நிதி ஆயோக். இவர்களிடம் யாரும் 20 லட்சத்தை மொத்தமாகக் கேட்பதில்லை. தினமும் பெட்ரோல் பங்க்கில் தவணையாகக் கட்டுகிறார்கள்.