நுரையியல்: மொட்டைமாடி வெக்கை குறித்து ஓர் ஆய்வு

சென்னையின் மேல்மாடி வீடுகளில், சித்திரை மாதத்து இரவு பதினொரு மணிக்கு மின்விசிறி ஏன் அடுப்பங்கரைக் காற்றையே வீசுகிறது என்பது இவ்வாய்வின் சிக்கல். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவில் அதைக் கக்குகிறது. நுரைப்பலகை பதித்தால் தீரும் என்பது முன்னோடி ஆய்வாளர்களாகிய பக்கத்து வீட்டாரின் துணிபு. எந்த நுரை என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. எனவே தமிழ் மரபுப்படி நுரைகளை மூவினமாகப் பகுப்போம்.

மெல்லினம், தெர்மாகோல். கொலு மலை, கல்யாண மேடையில் மணமக்கள் பெயர், ஆறாம் வகுப்பு புராஜெக்ட், மீன் பெட்டி என இதன் பண்பாட்டுப் பங்களிப்பு தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. (2017இல் வைகை அணை நீரின்மேல் இதை விரித்த நிகழ்வு நீரியலைச் சார்ந்ததாகலின் இங்கே விலக்கப்பட்டது.) இதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று, பலூன்காரருக்கு அடுத்தபடி காற்றை விற்றுப் பிழைப்பவர்கள் இதை விற்பவர்கள்தாம். நிமிண்டினால் மணிமணியாக உதிரும். உதிர்ந்த மணி லுங்கியில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரை வரும். எறும்பு குடைந்து ஊரே அமைக்கும். விலை குறைவு என்பதால் எல்லாம் மன்னிக்கப்படுகிறது.

வல்லினம், எக்ஸ்பிஎஸ். தெர்மாகோலின் அதே பாலிஸ்டைரீன்தான், மணியாகப் பொரிக்காமல், உருக்கி முறுக்குப்போல் பிழிந்தது. தண்ணீர் குடிக்காது, மிதித்தால் அமுங்காது. ஆனால் இவ்விரு இனத்துக்கும் தின்னர் குலப்பகை. எம் வீட்டு பெயிண்டர் டப்பாவைக் கவிழ்த்த இடத்தில் பலகை, வெந்நீரில் போட்ட வெல்லமாய்க் கண்ணெதிரே கரைந்து குழியானது. இத்தரவைத் திரட்ட ஆன செலவு 1 பலகை.

இடையினம், பஃப் எனப்படும் பாலியூரித்தேன். பழைய ஃபிரிட்ஜை உடைத்தால் தகடுகளுக்கு இடையில் மஞ்சளாக இருக்குமே, அது. இடையில் இருப்பதால் இடையினம், புலவர்கள் பொறுத்தருள்க. இதன் நுண்ணறைகளில் காற்றைவிடக் குறைவாகவே வெப்பம் கடத்தும் வாயு அடைபட்டிருக்கிறது. ஆகவே வெப்பக் கடத்துதிறன் எண், குறையக் குறைய நல்லது, தெர்மாகோலுக்கு 0.037, எக்ஸ்பிஎஸ்ஸுக்கு 0.03, இதற்கு 0.024 என்ற அளவில் நிற்கும். ஆண்டுகள் போகப்போக வாயு கசிந்து கொஞ்சம் தளரும்.

ஈரமும் மிதியும் உள்ள மாடி என்பதால் யாம் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ்ஸைத் தேர்ந்தோம். வெப்பத்தை மறிப்பதில் இந்த இரண்டு இஞ்சு ஏறக்குறைய 8 அடி கான்கிரீட்டுக்குச் சமம். இதை மேலே பதிப்பதா, கீழே ஒட்டுவதா என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தோம். கொத்தனார், "மேல போட்டா தளமே சூடேறாது சார். கீழ ஒட்டுனா அது பாட்டுக்கு வெந்துகிட்டே கெடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனார். மூன்று பக்கமும் வீண். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின்மேல் நுரை, அதன்மேல் காரை, தட்டோடு.

முக்கியத் தகவலாளி அம்மா. இறங்க வழியில்லாத சூடு மேலேயே தங்குவதால் தட்டோடு முன்னைவிட அதிகமாய்ச் சுடுகிறது. மூன்று நாள் காயும் கூழ் வற்றல் இரண்டே நாளில் கலகலத்துவிட்டது. உள்ளே வெக்கை குறைந்ததா என்று கேட்டோம்.

"அது கெடக்கட்டும். இன்னும் ரெண்டு இஞ்சு போட்டா ஒரே நாள்ல காயுமாடா?"