பாதி முகத்துக்கு முழுக் காசு

எண்பதுகளில் கும்பகோணத்தில் நான் எடுபிடியாக இருந்த ஸ்டுடியோவில் நிழல் என்றாலே வேலைக் குறை. மூக்கோரம் ஒரு கீற்று விழுந்தால் போதும், மாஸ்டர் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு நெகட்டிவின் மேல் குனிந்துவிடுவார். நெகட்டிவில் கருப்பைத் தடவினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். இந்தத் தலைகீழ்ப் பாடத்தில் தேறியவருக்குத்தான் ரீடச்சிங் ஆர்ட்டிஸ்ட் என்ற பட்டமும் தனி ஸ்டூலும்.

இடமும் வலமும் 500 வாட் பல்புகள், சம உயரத்தில். கேமராவில் ஆர்வோ 120 ரோல், வேகம் 125தான். வெளிச்சத்தைக் கொட்டினால்தான் அதற்குக் கண் தெரியும். பல்புச் சூட்டில் மாப்பிள்ளையின் பவுடர் வழிந்து காலருக்கு வந்துவிடும். ஆனாலும் படத்தில் முகம் புதிதாய் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரே சீராக இருக்கும். இரண்டு வீட்டாரும் திருப்தியாகக் காசு கொடுப்பார்கள்.

1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்தது. பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையே வாங்கிக் கொடுத்த படம். நான் பார்த்த கொட்டகையில் கார்பன் குச்சியை மிச்சம் பிடித்து ஓட்டுவார்கள். ஏற்கெனவே இருட்டான படம், அதற்கு மேல் அவர்கள் சிக்கனம். பல காட்சிகளைக் காதால்தான் பார்த்தேன். தெரிந்த மட்டும் போதுமானதாக இருந்தது. ஒரு முகத்தின் பாதியை மறைத்தால் மீதிப் பாதியை ஜனங்கள் இன்னும் உற்றுப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த சிநேகிதன் “என்னையும் அப்படி எடுடா” என்றான். மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பல்பை அணைத்து, இன்னொன்றைப் பீரோவுக்கு மேல் ஏற்றினேன். படம் அருமையாக வந்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். அவன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாதி மூஞ்சிதானே இருக்கு, பாதிக் காசு வாங்கிக்குங்க” என்றார். மாஸ்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. பல்பு பியூஸ் போயிருக்கும் என்று நினைத்துப் புதுசு மாட்டிவிட்டார்.

இப்போது சொந்த ஸ்டுடியோ. கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் செல்போனை நீட்டி, “சினிமாட்டிக்கா வேணும் அங்கிள், முகம் பாதி தெரிஞ்சா போதும்” என்கிறார்கள். அதற்குக் கட்டணம் கூடுதல். ஒருவரும் பேரம் பேசுவதில்லை.

கூடுதல் நியாயம்தான். இருட்டு சும்மா வராது. விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரி திருப்பி, கண்மட்டத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்து, கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சினால் அது ரெம்ப்ராண்ட் லைட்டிங். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் பெயர். அந்த முக்கோணத்துக்காகப் பெண்ணை “நாடியை ஒரு நூல் இறக்கும்மா” என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. பின்சுவர் கருக்க வேண்டுமென்றால் கருப்புத் திரை எதற்கு? விளக்கு முகத்துக்கு 2 அடியிலும் சுவருக்கு 8 அடியிலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு. நாலு ஸ்டாப் குறைவு, தானே கருத்துவிடும்.

கருப்புத் துணிக்கு வேறு வேலை. சின்ன அறையில் வெள்ளைச் சுவர்கள் கேட்காமலே வெளிச்சத்தைத் திருப்பியடித்து நிழலை அழிக்கும். அதைத் தின்பதற்கு நிழல் பக்கம் கன்னத்தருகே துணியைத் தொங்கவிடுகிறோம். மாஸ்டர் அதே இடத்தில்தான் தெர்மகோல் அட்டை பிடிக்கச் சொல்வார். நின்றவன் நான், இப்போது துணியோடு நிற்பவன் என் உதவியாளன்.

இதில் வேடிக்கை, அகல் விளக்கு ஒன்று போதும், இன்றைய கேமரா முகத்தைத் தெளிவாகப் பிடித்துவிடும். ஐஎஸ்ஓ 6400 அதற்குப் பெரிய விஷயமில்லை. இருட்டில் பார்க்கத் தெரியாத ரோலுக்காக வெளிச்சத்துக்குச் செலவழித்தோம். இருட்டிலும் பார்க்கும் கேமரா வந்ததும் அதன் கண்ணைக் கட்டச் செலவழிக்கிறோம். போதாததற்குக் கம்ப்யூட்டரில் நிழலை இன்னும் ஒரு சுற்று இறக்குகிறான் பையன்.

காலையில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருபவர்களுக்கு மட்டும் மாஸ்டர் காலத்துச் சட்டம்தான். நிழல் விழுந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதே விளக்கு, அதே ஸ்டூல்.

ஆல்பம் வாங்க வரும் பெண்ணின் அப்பாக்களும் மாறவில்லை. மகள் இருட்டுப் பக்கங்களில் லயித்திருக்க, அவர் வேகமாகப் புரட்டி மேடைப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். அங்கே இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, பட்டப்பகலாக எடுத்திருப்போம். மொய் எழுதியவர்கள் எல்லாரும் விழுந்திருக்கிறார்களா என்று விரலை வைத்து எண்ணுவார். போன வாரம் ஒருவர் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து, “சம்பந்தியோட தம்பி முகம் கொஞ்சம் கருப்பா இருக்கே சார், சரிபண்ணித் தர முடியுமா?” என்றார். பண்ணித் தந்தேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.