‘போட்டுப் பாப்போம்’ அண்ணாச்சி

எம். புதுப்பட்டியில் பழைய ரேடியோவோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கக்கத்தில் இருக்கிற மர்பியைப் பார்த்ததுமே டீக்கடையில் ஒருவர் தெருவைக் காட்டிவிடுவார். கூடவே, “குடையை இங்ஙனயே வச்சுட்டுப் போங்க” என்பார்.

நல்ல யோசனைதான். ரேடியோ அண்ணாச்சிக்கு எந்தப் பொருளும் அந்தப் பொருளாகக் கண்ணில் படாது. குடைக்கம்பி ஏரியல். பற்பசை மூடி வால்யூம் குமிழ். டயலுக்குப் பின்னால் எரியவேண்டிய 6.3 வோல்ட் பல்பா? சைக்கிள் டைனமோ பல்பு 6 வோல்ட், தாராளமாக எரியும். பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சாதிப்பார்.

தீப்பெட்டி, பட்டாசு வேலை நடக்கிற ஊரும் அவருக்குத் தோதாக வாய்த்துவிட்டது. ஸ்பீக்கர் கிழிந்தால் தீப்பெட்டி ஒட்டுகிற தாள், மைதாப் பசை. டயல் கயிறு அறுந்தால் பட்டாசுக்கட்டு நூல். ஐ.எஃப். காயிலைத் திருகத் தீக்குச்சி. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்ய முடியாது. இரும்பு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் காயிலின் குணமே மாறும். 455 கிலோஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டோம் என்று வெளியே எடுத்தால் அது வேறெங்கோ போய் நிற்கும். மரக்குச்சிக்கு அந்த தோஷம் கிடையாது. மருந்தை மட்டும் கிள்ளி எறிந்துவிடுவார். “பாடணும்ல, வெடிச்சிறக் கூடாது.”

அவர் வித்தை முழுசாகத் தெரிய வேண்டுமானால் நாலு வால்வு செட்டு ஒன்று செத்து வரவேண்டும். திருவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் கொண்டு வந்தார். அண்ணாச்சி முதலில் மோந்து பார்த்தார். பிறகு, “யூ.ஒய்.85 போயிருச்சு” என்றார். அந்த வகை செட்டில் வால்வுகளின் ஹீட்டர்கள் கோயில் கொடையில் தொங்குகிற சீரியல் பல்பு போல வரிசையாகக் கோத்தவை. ஒன்று அவிந்தால் எல்லாம் அவியும்.

“வால்வு கெடைக்குமாண்ணாச்சி?”

“எதுக்குக் கெடைக்கணும்? போட்டுப் பாப்போம்.”

வால்வு செய்த வேலைக்கு ஒரு பி.ஒய்.127 டையோடு. ஹீட்டர் இருந்த இடத்துக்கு, 38 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் வகுத்து, 380 ஓம். ஏறக்குறைய 4 வாட் சூடு தாங்க வேண்டுமே? உள்ளே எழுந்து போனார். மதினியின் டி.வி.யிலிருந்து இரண்டு சிமெண்டு ரெசிஸ்டரோடு வந்தார். அது ஓடாத டி.வி. என்பது அண்ணாச்சி கட்சி. ஓடிக்கொண்டிருந்தது என்பது மதினி கட்சி.

சாயங்காலம் செட்டு பாடியது. எஃப்.எம். உள்ள செட்டானாலும் சோதனைக்கு அதை வைக்க மாட்டார். “அது சும்மாவே தெளிவாக் கேக்கும், அதுல நம்ம வேலை என்ன இருக்கு?” ஒரு காலத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளில் இலங்கை வானொலி தடங்கலில்லாமல் கேட்டால்தான் ரிப்பேருக்குக் காசு, அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல் கரகரத்தால் வேலை மோசம் என்று அர்த்தம். இப்போது திருநெல்வேலி, 1197 கிலோஹெர்ட்ஸ். இரைச்சலுக்கு நடுவே மனுசக் குரல் எழுந்து வரும்போது ஊரைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரம் தெருவில் யாரும் இல்லாவிட்டால் ஒருமுறை நிறுத்திவிட்டு, யாராவது வந்ததும் மறுபடி போடுவார்.

மேசையில் மூன்று திருகாணி மிச்சம் கிடந்தது.

“இது எதுலண்ணாச்சி கழட்டுனது?”

“கம்பெனிக்காரன் பயந்துபோய்க் கூடப் போட்டது.”

வந்தவரிடம் செட்டைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த வகை செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கரண்டின் ஒரு முனை நேராகத் தகட்டுக்கே வரும். “டெஸ்டரை வச்சுப் பாருங்க. எரிஞ்சா பிளக்கைத் திருப்பிச் செருகுங்க. எரியாட்டியும் தகட்டைத் தொட்டுறாதீக.”

எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் கூலி மட்டும் சொல்வார். பார்ட்ஸுக்குப் பைசா வாங்குவதில்லை. அதெல்லாம் ஊரார் உபயம். மதினிக்கு மட்டும் டி.வி. பாக்கி அப்படியே நிற்கிறது. வாசலில் சைக்கிளை நிறுத்துகிற பையன்களிடம், “பல்பக் கழட்டி சட்டைப்பைல போட்டுக்கங்கடா” என்று சொல்வதும் அவர்தான்.