திருவாளர் இறங்கியேறி

கொலம்பியாவின் கரீபியன் கரையில் உள்ள கார்த்தஹேனா துறைமுகத்துக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு சொகுசுக் கப்பல் வந்து சேருகிறது. பல மாடிக் கப்பல், ஆயிரக்கணக்கில் பயணிகள். அத்தனை பேரிலும் நம் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கயிறு கட்டி முடிப்பதற்குள் இறங்கும் வாசலில் முதல் ஆளாக நிற்பவர்தான் அவர். மூக்கின் மேல் வெள்ளைவெளேரென்று வெயில் களிம்பு, கழுத்தில் கப்பல் அட்டை, கால்சட்டைப் பையில் காலைப் பந்தியிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு ஆப்பிள். நெஞ்சில் 17 என்று ஒட்டிய காகிதம். அது அவர் ஏறவேண்டிய பஸ்ஸின் எண். மாலை வரைக்கும் அவருக்குப் பெயர், ஊர், குலம், கோத்திரம் எல்லாம் அதுதான்.

திருவாளர் இறங்கியேறி என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுக்காரர் என்று கேட்காதீர்கள். இவர் இல்லாத நாடு இல்லை.

இறங்குவதற்கு முன்பே முக்கியமான வேலையை அவர் முடித்துவிட்டார். மேல்தளத்தில் நின்று ஒரு படம் எடுத்து, "கார்த்தஹேனா பார்த்தாச்சு" என்று குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டார். படத்தில் இருப்பவை போக்காகிராந்தே பகுதியின் புத்தம்புது அடுக்குமாடிக் கட்டடங்கள். 1533இல் பெத்ரோ தெ எரேதியா நிறுவிய பழைய ஊர் அதற்கு அப்பால், மதிலுக்குள் இருக்கிறது. இருக்கட்டுமே, எங்கே போய்விடப் போகிறது?

இதற்காக அவரைக் கேலி செய்வது நியாயமில்லை. அவருக்கு இந்த ஊரிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1741இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் சுமார் 180 கப்பல்களோடு இங்கே வந்தார். விரிகுடாவின் வாசலில் இருந்த கோட்டை விழுந்ததுமே, ஊரும் விழுந்த மாதிரிதான் என்று லண்டனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அங்கே உற்சாகத்தில் பதக்கங்கள் அடித்துத் தள்ளினார்கள். ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லேசோ மண்டியிட்டு வாளை நீட்டுவதுபோல் சித்திரம். நிஜத்தில் லேசோவுக்கு ஒரு கால் கிடையாது, ஒரு கண் கிடையாது, ஒரு கை விளங்காது. பதக்கத்திலோ அவர் இரண்டு காலும் உள்ள முழு மனிதராக மண்டியிட்டிருந்தார். ஊர் விழவில்லை. சான் ஃபெலிப்பே கோட்டையில் ஏறுவதற்குக் கொண்டுபோன ஏணிகள் எட்டவில்லை, மஞ்சள் காய்ச்சல் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது, மிச்சமிருந்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். பதக்கங்கள் மட்டும் இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

அந்தப் படையில் ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் லாரன்ஸும் இருந்தார். ஊர் திரும்பியதும் தன் பண்ணைக்குத் தளபதியின் நினைவாக மவுன்ட் வெர்னன் என்று பெயர் வைத்தார். 17ஆம் எண் பஸ் போய் நிற்கும் அந்தச் சான் ஃபெலிப்பே கோட்டை வாசலில், ஒற்றைக்காலோடு நிற்கும் லேசோ சிலையின் அடியில் வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் அழகாகச் சொல்கிறார். நம்மவர் காதில் விழவில்லை. சிலைக்கு முன்னால் மனைவியை நிறுத்தி, "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வழிகாட்டியிடம் அவருக்கு மூன்றே கேள்விகள்: கழிப்பறை எங்கே, வைஃபை உண்டா, இங்கே எத்தனை நிமிஷம்?

கோட்டைக்குள் சுரங்கப்பாதைகள் உண்டு. எதிரியின் காலடி ஓசை நெடுந்தூரம் எதிரொலிக்கும்படி கட்டியவை. இப்போது அதில் மிகத் தெளிவாகக் கேட்பது "பஸ் எங்கே நிற்கும்?" என்பதுதான்.

அடுத்து லாஸ் போவேதாஸ். மதிலை ஒட்டி 23 வளைவறைகள். ஒரு காலத்தில் படைச் சாமான் கிடங்காகவும் பிறகு சிறையாகவும் இருந்தவை, இன்று தொப்பியும் குளிர்பெட்டிக் காந்தமும் விற்கும் கடைகள். இங்கேதான் அவருக்கு உயிர் வருகிறது. ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கில் பெசோ கிடைப்பதால் கையில் நோட்டைப் பிடித்ததுமே லட்சாதிபதி நடை வந்துவிடுகிறது. ஆனால் பேரம் பேசும்போது பரம ஏழை. பால்கனி அறைக்கு வாய் திறக்காமல் பணம் கட்டியவர், ஒரு வைக்கோல் தொப்பியில் இரண்டு டாலர் குறைக்கக் கால் மணி நேரம் மன்றாடுகிறார். சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் சிற்பி பொத்தேரோ செய்த பருத்த பெண்ணின் வெண்கலச் சிலை படுத்திருக்கிறது. மார்பைத் தொட்டால் காதலில் அதிர்ஷ்டமாம். மனைவி திரும்பிய நேரம் பார்த்துத் தொட்டுக்கொள்கிறார். அந்த இடம் மட்டும் பளபளவென்றிருப்பதைப் பார்த்தால் இவருக்கு முன்னால் எத்தனை இறங்கியேறிகள் வந்துபோனார்கள் என்று தெரியும்.

பளிச்சென்ற பாவாடையும் தலையில் பழக்கூடையுமாக ஒரு பெண்மணி எதிரே வருகிறார். படம் எடுத்துவிடுகிறார். அந்தப் பெண் கை நீட்டியதும் முகம் சுண்டிப்போகிறது. "படம் எடுத்ததற்கெல்லாமா காசு?" கப்பலில் ஏறும்போது எடுத்த தன் முகத்தையே கப்பல் கடையில் விலை கொடுத்து வாங்கியவர்தான் இப்படிக் கேட்கிறார். இந்தப் பழக்கூடைப் பெண்கள் சான் பசீலியோ தெ பலெங்கே என்ற ஊரின் வழிவந்தவர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்கள் அமைத்த ஊர் அது. அதன் பண்பாட்டை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அருவ மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. அவர்களுடைய முன்னோர்களையும் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலிலிருந்து இறக்கினார்கள். திரும்பி ஏற அவர்களுக்கு எந்தக் கப்பலும் இல்லை. இன்று மிட்டாய் விற்கும் லோஸ் கோச்செஸ் சதுக்கத்தில்தான் அவர்களை ஏலம் போட்டார்கள். நம்மவர் அங்கே தேங்காய் மிட்டாயை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டார்.

வாங்கிச் சாப்பிடலாமே என்றால், முடியாது. மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலில் காசு கட்டியாயிற்று. முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த அரேப்பா என்ற மக்காச்சோள அடை தெருவெல்லாம் மணக்கிறது. அவர் ஆப்பிளை வெளியே எடுக்கிறார்.

கப்பல் நான்கு மணிக்கு. பன்னிரண்டு மணிக்கே அவருக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். கப்பலைத் தவறவிட்ட யாரோ ஒருவரின் கதை ஒன்று அவரிடம் எப்போதும் உண்டு. இரண்டு மணிக்கெல்லாம் துறைமுகத்துக்குள் வந்துவிடுகிறார். அங்கே பயணிகளுக்கென்றே ஒரு தோட்டம், பூநாரைகளும் பஞ்சவர்ணக் கிளிகளும். மீதி நேரம் முழுக்க அங்கேதான். ஊரை விடக் கிளிகளுக்குத்தான் படங்கள் அதிகம்.

இரவுப் பந்தியில் பக்கத்து மேசைக்காரருக்கு விளக்கம் நடக்கிறது: "ஒன்றும் பெரிசாக இல்லை சார். வெயில். எல்லாரும் எதையாவது விற்க வருகிறார்கள். ஆனால் பறவைகள் பிரமாதம். ஒரு நாள் தாராளம்." அதே நேரத்தில் வெயில் இறங்கி, கார்த்தஹேனாக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வரத் தொடங்கியிருப்பார்கள். மதில்மேல் காற்று வாங்கக் கூட்டம், ஜெத்செமானிப் பேட்டையில் கோயில் வாசலில் பாட்டும் ஆட்டமும். கப்பல்களின் நேர அட்டவணையை வகுத்தவர்களுக்கு மட்டும் இது எப்படியோ தெரியாமல் போயிற்று.

நீங்கள் போவதானால் இரண்டு இரவாவது தங்குங்கள். கப்பலில்தான் போக முடியும் என்றால் 17ஆம் நம்பர் பஸ்ஸை விட்டுவிட்டு ஜெத்செமானிக்கு நடங்கள், ஒரு அரேப்பா சாப்பிடுங்கள். பழக்கூடைக்காரப் பெண்ணைப் படம் எடுத்தால், தயவுசெய்து அவர் கேட்ட காசைக் கொடுத்துவிடுங்கள்.