அம்மா போட்ட கையெழுத்து

கேள்வி: மாமனார் 1960-களில் வாங்கிய சிவாஜி கணேசன் ஆட்டோகிராஃப் படத்தை விற்றால் ஃப்ளாட் வாங்கலாமா?
– ஒரு வாசகி, செகந்திராபாத்

பதில்: முதலில் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேனா அழுத்திய தடம் தெரிகிறதா? ரசிகர்களுக்கு அனுப்பும் படங்களில் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடிப்பதுண்டு. நட்சத்திரத்துக்காக வேறொருவர் போடுவதும் உண்டு: ஹாலிவுட்டில் நடிகை ஜீன் ஹார்லோவுக்காக அவருடைய அம்மாவே ஏராளமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்! அசலே ஆனாலும், உங்கள் மாமனார் பெயரெழுதி 'அன்புடன்' என்றிருந்தால் விலை இறங்கும். அவர் பெயர் ஊராருக்கு எதற்கு?

கையெழுத்துக்குப் பதில், படத்தில் நட்சத்திரம் போட்ட செருப்பு என்றால் கதையே வேறு. 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி 1970-ல் 15,000 டாலருக்கு விலைபோனது. அருங்காட்சியகத்தில் திருடுபோய் மீண்ட இன்னொரு ஜோடிக்கு 2024-ல் கிடைத்தது 3.25 கோடி டாலர். எதற்கும், மாமனார் ஷூட்டிங்கில் யாருடைய செருப்பையாவது மாற்றிப் போட்டு வந்தாரா என்று விசாரியுங்கள்.