உருமாறு பொம்மைகளின் மாத்திரைக் கணக்கு

லாரியொன்று கை, கால், தலை முதலிய அவயவங்களைப் பெற்று இயந்திர மனிதனாக எழுந்து நிற்பதும், பின்பு அவற்றையெல்லாம் உள்ளடக்கிக்கொண்டு மீண்டும் லாரியாகப் படுத்துவிடுவதுமாகிய பொம்மைகளைப் பற்றித் தக்கதொரு தத்துவ விசாரம் இதுகாறும் நிகழாமைக்குக் காரணம், அவ்விஷயம் சிறுபிள்ளைகளுக்கே உரியதென்று பெரியோர் ஒதுக்கிவிட்டமையே ஆகும். அங்ஙனம் ஒதுக்கிய பெரியோர், பிள்ளைகள் உறங்கிய பின்னர் விளக்கடியில் அமர்ந்து, பிளாஸ்டிக் கதவொன்றை ஒரு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றொரு கட்டைவிரலுக்கு வேலை தேடுவதையும் நாம் அறிவோம். அது அவர்களுடைய அந்தரங்கமாதலின் இவ்வாராய்ச்சியில் அதனைப் பெரிதுபடுத்தவில்லை.

முதற்கண் வம்ச வரலாறு. ஜப்பானிலே டக்காரா என்னும் பொம்மை நிறுவனம் 1980-ல் ‘டயாக்ளோன்’ என்னும் வரிசையையும், 1983-ல் ‘மைக்ரோ சேஞ்ச்’ என்னும் வரிசையையும் வெளியிட்டது. முன்னதில் சிறுசிறு மனித உருவங்கள் ஏறி ஓட்டும் கார்களும் லாரிகளும் இருந்தன. பின்னதிலோ கைத்துப்பாக்கி, ஒலிநாடாப் பெட்டி முதலான வீட்டுப் பொருள்கள் ரோபோவாயின. இவ்விரண்டையும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வாங்கி, ஒரே பெயரின் கீழ்க் கலந்து, 1984-ல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று கடைக்கு அனுப்பியது. ஒருவருக்கொருவர் யாதொரு சம்பந்தமுமின்றிப் பிறந்தவர்களை ஒரே குலத்தவராக்கி, அக்குலத்தை இரு கட்சியாகப் பிரித்துப் போரிடச் செய்யும் பொறுப்பு மார்வெல் சித்திரக்கதைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரும்பாலோர்க்கு நாமகரணம் செய்தவர் பாப் புடியான்ஸ்கி. உலக வரலாற்றில் சில குலங்கள் இதனினும் குறைந்த ஆதாரத்தோடு தோன்றியிருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய பொம்மைகள் எளியவை, புதியவை சிக்கலானவை, ஆகவே பழையனவே உயர்ந்தன என்பது ஒரு சாரார் கட்சி. பழையன முழங்கால் மடியாத செங்கற்கள், புதியனவே கலைப்படைப்புகள் என்பது மறுசாரார் கட்சி. இரு சாராரும் கைவேலையின் எண்ணிக்கையை மாத்திரம் கணக்கிட்டு, உருமாற்றத்தின் சொரூபத்தை நோக்காது விட்டனர் என்பதே நம் ஆட்சேபம்.

காரணத்திலே காரியம் முன்னரே உளது, இல்லது புதிதாய்த் தோன்றாது என்பது சற்காரிய வாதிகளின் துணிபு. இதற்கு 1984-ஆம் ஆண்டின் ஆப்டிமஸ் பிரைமைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. லாரியின் முன்கண்ணாடிகளே அவனுடைய மார்பு. லாரியின் பின்பாகத்தைச் சக்கரங்களோடு நீட்டினால் அதுவே கால். பக்கங்களில் ஒட்டிக் கிடப்பனவற்றை வெளியே திருப்பினால் அவையே கைகள். உள்ளே கவிழ்ந்திருக்கும் தலையை நிமிர்த்தினால் தலைவர் தயார். ஒன்றும் சேர்க்கப்படவில்லை, ஒன்றும் மறைக்கப்படவுமில்லை. முஷ்டிகள் இரண்டு மட்டும் தனியே செருகப்பட வேண்டியவை. அவை வீட்டுக்கு வந்த வாரத்திலேயே கட்டிலடியில் ஐக்கியமாகிவிடும் இயல்புடையனவாதலால், பழம்பொம்மை வாணிகத்தில் முஷ்டியுள்ள பிரைம் என்றும் முஷ்டியற்ற பிரைம் என்றும் இரு வகுப்புகள் உண்டாயின. சற்காரிய வாதத்துக்கு இவ்விடத்தே ஒரு சிறு இழுக்கு நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அளவைக்கு ஒரு பிரமாணம் வேண்டுமன்றோ? அதனை நாம் ஓசையினின்று பெறுகிறோம். 1984 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய சித்திரத் தொடரில், இவர்கள் உருமாறுந்தோறும் உலோகம் உரசித் திரும்புவது போன்று ஏறியிறங்கும் தனித்ததோர் ஓசை எழும். அவ்வோசையை வாயால் எழுப்பிக்கொண்டே பொம்மையைத் திருப்புவதுதான் சிறுவர் மரபு. எனவே விதி இதுவாகும்: உருமாற்றம் தொடங்கி முடியும் வரையில் ஓசை ஒரே மூச்சில் நீடிக்க வேண்டும், இடையே மூச்சு வாங்க நேர்ந்தால் அது பொம்மையின் குற்றமேயன்றிச் சிறுவனின் குற்றமன்று. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரையென்று வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள் இங்கே பெருந்துணை புரிகின்றனர். அவ்வளவு விரைவில் மாறும் பொம்மை உலகில் இல்லையாதலின், அவர்கள் தந்த விகிதத்தை மட்டும் கொள்க.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைத் தலையில் தட்டிக் குறுக்கியது போன்ற உருவமுடைய பழைய பம்பிள்பீ, சில இழுப்புகளில் மாறிவிடுவதால், குறில். பிரைம் நெடில். ஒரே உடலில் ரயிலும் விண்ணோடமும் ஆகவல்ல 1985-ன் ஆஸ்ட்ரோட்ரெயின் அளபெடை. 1987-ல் வந்த சிக்ஸ்ஷாட் என்பவனோ ஆறு வடிவம் எடுப்பவன். அவற்றுள் ஒன்று சிறகுள்ள ஓநாய். அவ்வடிவங்களுள் எது எதுவென்று பெட்டியிலுள்ள படத்தைப் பாராமல் கூறவல்லார் அரியர். அவனை ஆய்த எழுத்தைப் போலத் தனிநிலையில் நிறுத்துவதே நேர்மை.

எளிமையே உயர்வு எனில், அதே 1984-ல் டோங்கா நிறுவனம் விற்ற கோபாட்ஸ் அன்றோ வென்றிருக்க வேண்டும் என்று வினவலாம். அவை ஜப்பானியப் பண்டாயின் ‘மெஷின் ரோபோ’ வழி வந்தவை; ஒற்றெழுத்தைப் போல அரை மாத்திரையில் மாறுவன பல. எனினும் அவை தோற்றன. 1991-ல் டோங்கா நிறுவனமே ஹாஸ்ப்ரோவின் வயிற்றுக்குள் சென்றது. அதற்கு முந்திய ஆண்டிலே ஹாஸ்ப்ரோ எளிமையின் எல்லையையே தொட்டுக் காட்டியது: ‘ஆக்‌ஷன் மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில், உருமாறாத உருமாறிகளை வெளியிட்டது. சூனிய வாதத்துக்கு இத்துணைத் தெளிவான விளக்கத்தை எந்த பௌத்த ஆசிரியரும் பெட்டியில் அடைத்து விற்றதில்லை.

சிக்கல் எங்ஙனம் புகுந்தது? 1996-ன் ‘பீஸ்ட் வார்ஸ்’ விலங்குப் பொம்மைகளோடு பந்துக்கிண்ண மூட்டுகள் பெருகின. எப்பக்கமும் திரும்பும் மூட்டு வந்தபோது, எப்பக்கம் திருப்ப வேண்டும் என்னும் கேள்வியும் உடன் வந்தது. ஆயினும் பெருவெள்ளம் 2007-ன் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ திரைப்படத்தோடுதான் புகுந்தது. அப்படத்துக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் கணினியில் அமைத்த ஆப்டிமஸ் பிரைமுக்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள். திரையில் ஓர் உறுப்பு மற்றொன்றின் பின்னே வழுக்கிச் சென்று காணாமற்போனால் எங்கே போயிற்றென்று கேட்பார் இல்லை. பொம்மை செய்பவனுக்கோ அது போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு கீல் வேண்டும். கீலுக்கு ஒரு பலகை வேண்டும். பலகைக்கு மற்றோர் இடம் வேண்டும். 2009-ல் இரண்டாம் படத்துக்காக வந்த பெரிய பிரைம் இவ்வழியின் உச்சம். அதைச் செய்தவர் திறத்தை நாம் மெச்சுகிறோம். அதை மடக்க முயன்றவர் மூச்சைப் பற்றித்தான் நம் கவலை.

மடக்குதல் என்றேன், அதனைச் சற்று நின்று நோக்க வேண்டும். உடன் வரும் செய்முறைத் தாள், வாகனம் ரோபோவாவதைப் படிப்படியாக அம்புக்குறிகளோடு காட்டிவிட்டு, திரும்ப வாகனமாக்கும் வழி யாதெனில், மேற்கூறியவற்றைத் தலைகீழ் வரிசையில் செய்க என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும். சிருஷ்டிக்குப் பல படம், சம்ஹாரத்துக்கு ஒரு வரி. இறுதியில் காரின் கூரைக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி எஞ்சும். அதை அழுத்தினால் பின்கதவு எழும்பும். பின்கதவை அழுத்தினால் முன்சக்கரம் தளரும். மூன்றையும் ஒருசேர அழுத்தினால், உள்ளே மடங்காது நின்ற கையொன்றே எல்லாவற்றுக்கும் மூலம் என்பது புலனாகும். அக்கையை அடைய வேண்டுமாயின் முதலிலிருந்து பிரிக்க வேண்டும்.

ஆனால் படிகள் மிகுந்தமை உண்மைக் குற்றமன்று. உண்மைக் குற்றம் பொய்ம்மார்பு. பிற்காலத்துப் பொம்மைகள் பலவற்றில் ரோபோவின் மார்பிலே தோன்றும் கார்முகப்பு, காரின் முகப்பே அன்று; மார்பிலே தனியாக வார்க்கப்பட்ட பிரதி. மெய்யான முகப்பு, கண்ணில் படாமல் முதுகுப் பக்கம் மடிந்து கிடக்கும். லாரிக்குள் ரோபோ இருந்ததென்பது போய், ரோபோவின்மேல் கார் ஒன்று போர்த்தியிருந்தது என்றாகிவிட்டது. மெய்யாகவே மாறும் பரிணாமம் நீங்கி, மாறியதாகத் தோன்ற மட்டும் செய்யும் விவர்த்தம் புகுந்தது. 1988-ல் ‘பிரிட்டெண்டர்ஸ்’ என்று வந்தவர்கள் பிளாஸ்டிக் கூடொன்றைப் போர்வையாகவே அணிந்து வந்தார்கள். அவர்களுடைய பாசாங்கில் ஒளிவுமறைவு இல்லை. பொய்ம்மார்புக்காரர்கள் அத்துணை நேர்மையுடையவர் அல்லர். படத்தில் உள்ளவாறே தோன்ற வேண்டுமென்று வாங்குவோர் வற்புறுத்தியதன் பயன் இது என்பதால், தச்சனை மட்டும் நோவதும் முறையன்று.

இப்போது இவ்வுலகம் இரு சம்பிரதாயங்களாய்ப் பிரிந்து நிற்கிறது. பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல், ஒரே இழுப்பில் பொம்மையே தன்னைச் செய்துகொள்வது ஒன்று. 2014-ன் நான்காம் படத்தோடு வந்த ‘ஒன் ஸ்டெப் சேஞ்சர்’ வகை இதன் பாற்பட்டது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வது போல், உரியவன் தன் முயற்சியால் பற்றிக்கொண்டு கரையேற வேண்டுவது மற்றொன்று. 2003-ல் தொடங்கிய ‘மாஸ்டர்பீஸ்’ வரிசையும், சிறப்பாக அதன் 2019-ஆம் ஆண்டுப் பிரைமும் இதற்குச் சான்று. நடுவழி ஒன்றை 2007-லேயே ‘ஆட்டோமார்ஃப்’ என்று முயன்றனர்: ஓர் உறுப்பை அசைத்தால் பற்சக்கரங்களின் வழியே மற்றோர் உறுப்பு தானே அசையும். கையின் உழைப்பும் பொம்மையின் அருளும் சேர்ந்து நிகழ்ந்த அந்த ஏற்பாடே நமக்கு மிக உவப்பானது.

பூனை நியாயத்தின் முடிந்த முடிபு 2021-ல் வந்தது. ரோபோசென் என்னும் நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் அனுமதியோடு செய்த ஆப்டிமஸ் பிரைம், வாயால் ஆணையிட்டால் தானே எழுந்து ரோபோவாகும். தானே மடிந்து லாரியாகும். விரலுக்குப் படி ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமின்மையை நடத்த உள்ளே 27 சர்வோ மோட்டார்களும் 60 சில்லுகளும் 5,000-க்கு மேற்பட்ட உறுப்புகளும். முன்பதிவு விலை ஏறத்தாழ 700 டாலர். எளிமைக் கட்சியார் இதனை வெற்றியென்று கொண்டாடுவதா, சிக்கல் கட்சியார் கொண்டாடுவதா என்பது விவாதத்துக்குரியது. மாத்திரைக் கணக்கு மட்டும் இதன்முன் செல்லாது. ஏனெனில் உருமாறும்போது எழ வேண்டிய ஓசையையும் அதுவே எழுப்பிக்கொள்கிறது. சிறுவனுக்கு எஞ்சிய திருப்பணி, இரவில் அதனைச் சார்ஜில் போடுவது.